ஆஞ்சியோவே எடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு எம்ஆர்ஐ? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஹார்ட் எம்ஆர்ஐ பத்தி சும்மா ஒரு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. நிறைய பேர் ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கீங்க. பேப்பர்ல இருக்கிறத மட்டும் பார்த்துட்டு இந்த மருந்து எடுங்க, அந்த ஆபரேஷன் பண்ணுங்கன்னு நான் இங்கேருந்து சொல்ல மாட்டேன். அதுல எழுதியிருக்கிறது என்ன, உங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், அது வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: டாக்டர் சார், என் வீட்டுக்காரருக்கு 58 வயசு, பதினஞ்சு வருஷமா சுகர். நெஞ்சு வலின்னு ஒரு நாள் கூட படுத்ததில்ல. கண்ணு ஆபரேஷனுக்காக இசிஜி எடுத்தப்போ பழைய அட்டாக் மாதிரி தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. எக்கோல முன் பக்கச் சுவர் சரியா அசையலயாம், பம்பிங் 32 சதவீதமாம். ஆஞ்சியோல மூணு குழாய்லயும் அடைப்பு. இப்போ பைபாஸா மாத்திரையான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கார்டியாக் எம்ஆர்ஐ எடுங்கன்றாங்க. ஆஞ்சியோவே எடுத்தாச்சே, இது பணம் பிடுங்குற வேலையா? – ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: நேராவே கேட்டுட்டீங்க, நானும் நேராவே சொல்றேன்மா, உங்க வீட்டுக்காரர் விஷயத்துல இது பணம் பிடுங்குற வேலை மாதிரி எனக்குத் தெரியல.

ஆஞ்சியோ காட்டுறது ரத்தக்குழாய. குழாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற தசை உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு அதுக்குத் தெரியாது. எக்கோ சுவர் அசையுதா இல்லயான்னு காட்டும், ஆனா அசையாத சுவர் எல்லாம் செத்த சுவர் கிடையாது, ரத்தம் கம்மியா வர்றதால வேலைய குறைச்சுகிட்டு உயிரோட கெடக்குற தசையும் எக்கோல அதே மாதிரிதான் தெரியும். இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறதுக்குத்தான் எம்ஆர்ஐ.

வலியே இல்லாம எப்படி அட்டாக்னு உங்களுக்கு சந்தேகம் இருக்கும். ரொம்ப வருஷ சுகர்ல நரம்பு மந்தமாயிடும், வலி தெரியாமலே அட்டாக் வந்துட்டுப் போயிடும், இல்லன்னா கேஸ்னு நினைச்சு ஒரு மாத்திரை போட்டுப் படுத்திருப்பாங்க. ஐஸ்லாந்துல 67 வயசுக்கு மேல 936 பேருக்கு ஹார்ட் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாங்க, 2012ல வந்த ஆய்வு. அட்டாக் வந்ததுன்னு முன்னாடியே தெரிஞ்சவங்க 91 பேர், வந்ததே தெரியாம தழும்போட இருந்தவங்க 157 பேர். அதுலயும் சுகர் இருந்தவங்க கிட்ட இது இன்னும் அதிகம். அதனால "அவருக்கு ஒண்ணுமே இருந்ததில்லயே"ன்னு நீங்க குழம்ப வேணாம், இது நடக்குறதுதான்.

இப்போ தழும்பு எப்படித் தெரியுதுன்னு சொல்றேன். கைல ஒரு ஊசி போட்டு கடோலினியம்னு ஒரு மருந்து ஏத்துவாங்க. உயிரோட இருக்கிற செல்லுக்குள்ள அது போகாது, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளில மட்டும்தான் போகும். நல்ல தசைல செல் எல்லாம் நெருக்கமா இருக்கும், இடைவெளி கம்மி, ஏறின மருந்தும் சீக்கிரம் வடிஞ்சிடும். தழும்புல செல் செத்து அந்த இடத்துல நார் மாதிரி கொலாஜன் நிரம்பியிருக்கும், இடைவெளி ஜாஸ்தி, மருந்து நிறைய ஏறும், வடியறதுக்கும் லேட் ஆகும். மழை விட்டப்புறம் மேட்டுத் தெருவுல தண்ணி ஓடிடும், வேளச்சேரி பள்ளத்துல மட்டும் நிக்கும்ல, அப்படித்தான். அதனால ஊசி போட்ட உடனே இந்தப் படத்த எடுக்க மாட்டாங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு, நல்ல தசை கரேல்னு தெரியுற மாதிரி மெஷின செட் பண்ணி எடுப்பாங்க, தேங்கின இடம் வெள்ளையா பளிச்னு தெரியும். ரிப்போர்ட்ல லேட் கடோலினியம் என்ஹான்ஸ்மென்ட்னோ எல்ஜிஇன்னோ போட்டிருந்தா இதுதான் அது. தாலியம் ஸ்கேன்ல (கதிர்வீச்சு மருந்து ஏத்தி எடுக்குற ஹார்ட் ஸ்கேன்) தப்பிச்சுப் போற மெல்லிசான தழும்பு கூட இதுல மாட்டிக்கும், ரேடியேஷனும் கிடையாது.

அடுத்தது எவ்வளவு ஆழம்னு பாக்கணும். அட்டாக்ல தசை உள்பக்கத்துலேருந்து சாக ஆரம்பிச்சு வெளிப்பக்கமா பரவும். சுவரோட தடிமன்ல கால்வாசி செத்திருக்கா, பாதியா, முழுசான்னு எம்ஆர்ஐ காட்டிடும். 2000ல சிகாகோவுல 50 பேர வச்சுப் பண்ணின ஆய்வு ஒண்ணு இருக்கு, இந்தத் துறைல எல்லாரும் அதத்தான் மேற்கோள் காட்டுவாங்க: சரியா அசையாம இருந்தும் தழும்பு சுத்தமா இல்லாத பகுதிகள்ல ரத்த ஓட்டத்த சரி பண்ணதும் 78 சதவீதம் தேறி வந்துச்சு, முக்கால் தடிமனுக்கு மேல தழும்பா இருந்த 58 பகுதிகள்ல தேறினது ஒண்ணே ஒண்ணு.

இத வச்சுக்கிட்டு "உயிர் இருக்கு, உடனே சரி பண்ணிடலாம்"னு யாராவது சொன்னா அதையும் அப்படியே முழுங்கிடாதீங்க. பம்பிங் ரொம்பக் குறைஞ்ச 700 பேர வச்சு பிரிட்டன்ல பண்ணின ரிவைவ்ட் ஆய்வு 2022ல வந்துச்சு, அவங்கள்ல உயிருள்ள தசை இருக்குன்னு பார்த்துத்தான் சேர்த்தாங்க, அப்படியும் ஸ்டென்ட் வச்சவங்களுக்கும் நல்ல மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கும் இறப்புலயும் அட்மிஷன்லயும் வித்தியாசம் வரல. பைபாஸ் கதை வேற, ஸ்டிச்னு ஒரு ஆய்வுல பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தப்போ பைபாஸ் பண்ணிக்கிட்டவங்கள்ல இறப்பு குறைவா இருந்துச்சு, ஆனா அந்த லாபம் உயிருள்ள தசை இருந்தவங்களுக்கு மட்டும்தான்னு அங்கயும் நிரூபிக்க முடியல. அதனால எம்ஆர்ஐ மட்டும் தீர்ப்பு எழுதாது. சர்ஜன் எந்தக் குழாய்க்கு கிராஃப்ட் (பைபாஸ்ல வைக்கிற மாற்றுக் குழாய்) போட்டா பிரயோஜனம்னு யோசிக்க, ஹார்ட் நுனில ரத்தக்கட்டி ஒளிஞ்சிருக்கான்னு பாக்க (எக்கோல அது சில சமயம் தப்பிடும்), ஆபத்தான துடிப்பு வந்தா ஷாக் குடுக்குற ஐசிடி மெஷின் பிற்காலத்துல வேணுமான்னு பேச, இதுக்கெல்லாம் கை குடுக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் மூணு விஷயம் கேளுங்க: 17 பகுதில (ஹார்ட் சுவர அப்படிப் பிரிச்சுத்தான் ரிப்போர்ட் எழுதுவாங்க) எத்தனைல தழும்பு, ஒவ்வொண்ணும் எத்தனை சதவீத ஆழம், நுனில ரத்தக்கட்டி இருக்கா. சிடியையும் மறக்காம வாங்கி வைங்க, வேற டாக்டர்கிட்ட போனா வெறும் பேப்பர வச்சு அவர் ஒண்ணும் பண்ண முடியாது.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 29 வயசு, ஐடி வேலை. ரெண்டு மாசம் முன்னாடி வைரல் ஃபீவர், நாலாவது நாள் நெஞ்சு வலி, ரத்த டெஸ்ட்ல ட்ரோபோனின் (ஹார்ட் தசை அடிபட்டா ஏறுறது) ஏகத்துக்கு ஏறிடுச்சு. அட்டாக்னு பயந்து ஆஞ்சியோ பண்ணாங்க, குழாய் எல்லாம் க்ளீன். அட்மிஷன்லயே எடுத்த எம்ஆர்ஐல மயோகார்டைட்டிஸ், சப்எபிகார்டியல் ஸ்கார் லேட்டரல் வால்னு வந்திருக்கு. பம்பிங் 58. வீட்ல பொண்ணு பாத்துட்டு இருக்காங்க. ஸ்கார்னு போட்டிருக்கே, லைஃப் முடிஞ்சுதா? பொண்ணு வீட்ல சொல்லணுமா? – ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: முடியல தம்பி. மொதல்ல அந்த இடத்த கவனிங்க. மேல வில்லிவாக்கம் அம்மாவுக்கு சொன்னேன்ல, குழாய் அடைப்புல வர்ற தழும்பு உள்பக்கத்துலதான் ஆரம்பிக்கும்னு. உங்களுக்கு வெளிப்பக்கம், அதுவும் சைடு சுவர்ல இருக்கு, இது வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் தசை வீங்குறதுல வழக்கமா வர்ற இடம். உங்களுக்கு அட்டாக் இல்லன்னு ஆஞ்சியோவோட சேர்த்து இந்தப் படமும் சாட்சி சொல்லுது. இதே தழும்பு ஹார்ட்டோட நடு தடுப்புச் சுவர்ல முன்பக்கமா இருந்தா நான் கொஞ்சம் கூடுதலா கவலைப்படுவேன், சைடுல இருக்கிறது ஒப்பிட்டா தேவலாம்.

இன்னொண்ணு, காய்ச்சல் சூட்டோட எடுத்த படத்துல வெள்ளையா தெரியுறதெல்லாம் நிரந்தரத் தழும்பு கிடையாது. வீக்கம் இருக்கிற இடத்துலயும் கடோலினியம் தேங்கும், செல் சுவர் கிழிஞ்சிருந்தா உள்ளயும் போகும். மூணுலேருந்து ஆறு மாசம் கழிச்சு திரும்ப எடுத்தா நிறைய பேருக்கு அந்த வெள்ளை சுருங்கியிருக்கும், அப்பவும் மிச்சம் இருக்கிறதுதான் உண்மையான ஸ்கார். அதனால ரெண்டாவது எம்ஆர்ஐய தள்ளிப் போடாதீங்க, முதல் படத்த விட அதுதான் உங்களுக்கு முக்கியம்.

அது வரைக்கும் ஜிம், டர்ஃப் ஃபுட்பால், ஈசிஆர்ல விடிகாலை சைக்கிள் எதுவும் வேணாம். நடங்க, போதும். வீக்கம் இருக்கும்போது ஹார்ட்ட விரட்டினா ஆபத்தான துடிப்பு வரலாம். திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹோல்டரும் (நாள் முழுக்க இசிஜி பதியுற சின்ன மெஷின்) ட்ரெட்மில் டெஸ்ட்டும் பார்த்துட்டுதான். நடுவுல மயக்கம் வந்தாலோ படபடன்னு அடிச்சுகிட்டாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பொண்ணு வீட்ல சொல்லுங்க. "ஹார்ட்ல தழும்பு"ன்னு மொட்டையா சொன்னா யாரா இருந்தாலும் மெரளுவாங்க, அதனால ரெண்டாவது ரிப்போர்ட் வந்ததும் உங்க கார்டியாலஜிஸ்ட்கிட்ட நாலு வரி எழுதி வாங்கிக்குங்க, முடிஞ்சா பொண்ணையும் அவங்க அப்பாவையும் கூட்டிட்டே போங்க. கல்யாணத்துக்கப்புறம் மாத்திரை டப்பாவப் பார்த்து அவங்களா கண்டுபிடிக்கிறத விட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறேன் சார், 22 வருஷ சர்வீஸ். போன வருஷம் ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. இப்போ எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. காந்தம் ஸ்டென்ட்ட புடிச்சு இழுத்துடும்னு கூட வேலை பாக்குறவங்க சொல்றாங்க. – ஒரு வாசகர், பாடி

பதில்: ஸ்டென்ட்ட பத்தி கவலையே படாதீங்க. இப்போ வைக்கிற ஸ்டென்ட் எல்லாம் எம்ஆர்ஐக்கு ஒத்துக்குற உலோகம்தான், வச்ச கொஞ்ச நாள்லயே கூட எடுக்கலாம். கார்டு குடுத்திருப்பாங்க, அத கொண்டு போங்க.

எனக்குக் கவலை உங்க கண்ணு. லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலைல இத்தனை வருஷம் இருந்தவங்களுக்கு கண்ணுக்குள்ள பொடி இரும்புத் துகள் எங்கயாவது மாட்டியிருக்கலாம், அது அவங்களுக்கே தெரியாது, காந்தத்துக்குள்ள போனா அது நகர்ந்து பார்வையையே கெடுத்துடலாம். எப்பவாவது கண்ணுல இரும்பு பட்டு டாக்டர்கிட்ட போய் எடுத்திருக்கீங்கன்னா கண்டிப்பா சொல்லுங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு அனுப்புவாங்க. ஃபார்ம்ல இந்தக் கேள்வி இருக்கும், ஆனா நம்ம ஊர்ல அந்த ஃபார்ம கூட வந்த மச்சான்தான் நிரப்புறாரு, எல்லாத்துக்கும் "இல்ல, இல்ல"ன்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுறாரு. தயவுசெஞ்சு நீங்களே உக்காந்து நிரப்புங்க.

பேஸ்மேக்கர், மூளைல போட்ட கிளிப், காதுக்குள்ள வச்ச காக்ளியர் மெஷின் இதெல்லாம் இருந்தா அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லணும். பேஸ்மேக்கர்னாலே எம்ஆர்ஐ கூடாதுங்கிற காலம் போயிடுச்சு, இப்போ ஒத்துக்குற மாடல் நிறைய இருக்கு, ஆனா ஸ்கேனுக்கு முன்னாடியும் பின்னாடியும் அத செட்டிங் மாத்த ஆள் வேணும்.

பெண்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். தாலிய கழட்டணும்னு சொன்னா சிலர் அழுதுடுறாங்க, தங்கத்த காந்தம் இழுக்காது, ஆனா அந்தச் சங்கிலில கோத்து வச்சிருக்கிற ஊக்கு இருக்கே, அது பறந்துடும். படத்தையும் கெடுக்கும். மெட்டி, ஹேர்பின், ஆம்பளைங்க அரைஞாண் கயித்துல கட்டியிருக்கிற தாயத்து எல்லாமே வெளில. கரன்ட் போனாலும் அந்தக் காந்தம் ஆஃப் ஆகாது, ஞாபகம் வச்சுக்குங்க.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 71 வயசு, மூச்சு வாங்குது. எம்ஆர்ஐ குழாய்க்குள்ள ஒரு மணி நேரம் படுக்கணுமாமே, மூச்ச வேற அடக்கணுமாமே? – ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முக்கா மணி நேரத்துலேருந்து ஒரு மணி நேரம் ஆகும், உண்மைதான். நெஞ்சுல இசிஜி ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, ஹார்ட் துடிக்கிற தாளத்துக்கு ஏத்த மாதிரி மெஷின் படம் எடுக்கணும்ல. மேல ஒரு தட்டை வச்சுக் கட்டுவாங்க, காதுல ஹெட்ஃபோன், கைல ஒரு ரப்பர் பந்து. அத அமுக்கினா நிறுத்திட்டு உள்ள வந்துடுவாங்க. அப்புறம் ஹெட்ஃபோன்ல குரல் வரும், "மூச்ச இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க"ன்னு. கவனிங்க, மூச்ச வெளிய விட்டுட்டு நிறுத்தணும், முக்கால்வாசிப் பேர் நல்லா இழுத்து தம் கட்டிடுறாங்க. ஒவ்வொரு தடவையும் பத்து பதினஞ்சு செகண்ட், டமடமன்னு சத்தம், அப்புறம் "மூச்சு விடலாம்". இப்படியே திரும்பத் திரும்ப.

நாலு நாள் வீட்ல படுக்க வச்சு பழக்கி விடுங்க. அப்பாவால மல்லாந்து படுக்கவே முடியலன்னா நுரையீரல்ல நீர் இருக்கலாம், மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லி நீர் மாத்திரையால அத சரி பண்ணிட்டு அப்புறம் ஸ்கேனுக்குப் போங்க. மூச்சு அடக்க முடியாதவங்களுக்கு வேகமா எடுக்குற முறையும் இருக்கு, படம் அவ்ளோ துல்லியமா இருக்காது, ஆனா தழும்ப பாக்க பெரும்பாலும் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு, கிரியேட்டினின் 1.6. கடோலினியம் போட்டா கிட்னி காலின்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. – ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: சிடி ஸ்கேனுக்குப் போடுற அயோடின் மருந்தையும் இதையும் போட்டுக் குழப்பி எழுதின மெசேஜ் அது. கடோலினியத்துல பயந்தது வேற ஒண்ணு, ஏற்கனவே கிட்னி ரொம்பக் கெட்டுப்போனவங்களுக்கு தோல் கட்டை மாதிரி இறுகிப்போற என்எஸ்எஃப்னு ஒரு நோய். அதுக்குக் காரணம் பழைய வகை கடோலினியம்னு 2006ல தெரிஞ்சுது, அப்புறம் அந்த வகைகள ஒதுக்கிட்டு மேக்ரோசைக்ளிக்னு சொல்ற வகைக்கு மாறினதும் புதுசா யாருக்கும் வர்றது ரொம்ப அபூர்வமாயிடுச்சு. அம்மா வயசுக்கு கிரியேட்டினின் 1.6னா இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டுற திறன், கணக்கு 35 பக்கத்துல வரும், 30க்குக் கீழ போனாத்தான் கூடுதல் எச்சரிக்கை. மேக்ரோசைக்ளிக் மருந்துதானே போடுறீங்கன்னு சென்டர்ல கேளுங்க, புதுசா எடுத்த ரத்த ரிப்போர்ட்ட கொண்டு போங்க. அம்மா டயாலிசிஸ்ல இருந்தாங்கன்னா அத முன்னாடியே சொல்லிடணும்.

கேள்வி: மருதம்பட்டை கஷாயம் மூணு மாசம் குடிச்சா ஹார்ட் தழும்பு கரையும்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றார். நிஜமா? – ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கரையாது. செத்த ஹார்ட் தசைக்குப் பதிலா புதுசு முளைக்கிறதுன்றது கிட்டத்தட்ட இல்ல. ஆனா அட்டாக் வந்த முதல் வாரத்துல எடுத்த படத்தையும் ஆறு மாசம் கழிச்சு எடுத்ததையும் பக்கத்துல வச்சா தழும்பு சின்னதாத் தெரியும், ஏன்னா முதல் படத்துல வீக்கமும் சேர்ந்திருக்கும், அப்புறம் தழும்பும் காஞ்சு சுருங்கும். நடுவுல கஷாயம் குடிச்சவர் கஷாயத்துக்கு பேர் வாங்கிக் குடுத்துடுவார். குடிக்கிறதோ இல்லயோ, பீட்டா பிளாக்கர (ஹார்ட் துடிப்ப நிதானமாக்குற மாத்திரை) நீங்களா நிறுத்திடாதீங்க, அதத்தான் கெஞ்சிக் கேட்டுக்குறேன். தழும்ப சுத்தி இருக்கிற நல்ல தசைய வீங்கவிடாம, தப்புத் துடிப்பு வராம காப்பாத்துறது அந்த மாத்திரைங்கதான், ஒழுங்கா எடுத்தவங்களுக்கு பம்பிங் ஏறுறத நாங்க தினம் பாக்குறோம்.

கேள்வி: என் அண்ணன் 34 வயசுல பீச்ல வாலிபால் ஆடிட்டு இருந்தப்போ சுருண்டு விழுந்து போயிட்டார். போஸ்ட்மார்ட்டத்துல ஹார்ட் தசை தடிப்புன்னு எழுதியிருந்தாங்க. எனக்கு 30, எக்கோ நார்மல், ஆனா இசிஜில ஏதோ மாத்தம்னு சொல்றாங்க. எம்ஆர்ஐ தேவையா? – ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: தேவைதாம்மா தங்கச்சி, உங்களுக்கு நான் தயங்காம சொல்லுவேன். ஹெச்சிஎம்னு சொல்ற இந்தத் தசைத் தடிப்பு குடும்பத்துல வர்றது, அப்பா அம்மாகிட்டேருந்து பாதிக்குப் பாதி வாய்ப்புல இறங்கும். ஹார்ட்டோட நுனில மட்டும் தடிச்சிருந்தா எக்கோல தவறிடும், இசிஜி மட்டும் சத்தம் போட்டுட்டே இருக்கும், உங்க கதை அப்படி இருக்கலாம். எம்ஆர்ஐ நுனியையும் காட்டும், தடிச்ச தசைக்குள்ள திட்டுத்திட்டா தழும்பு இருக்கான்னும் காட்டும். அந்தத் திட்டுலேருந்துதான் திடீர்னு கொல்ற துடிப்பு கிளம்புது. 1,293 பேர வச்சு 2014ல வந்த ஆய்வுல, தழும்பு மொத்தத் தசைல 15 சதவீதம் இருந்தவங்களுக்கு திடீர் மரண ஆபத்து தழும்பு இல்லாதவங்கள விட ரெண்டு மடங்கு இருந்துச்சு. அந்த அளவு இருந்தா ஐசிடி வைக்கலாமான்னு உக்காந்து பேசுவாங்க, அண்ணன் போனதும் அந்தக் கணக்குல சேரும்.

அண்ணனுக்குக் குழந்தைங்க இருந்தா அவங்களுக்கும் இசிஜி, எக்கோ பாக்கணும், ஒரு தடவை நார்மல்னு வந்துட்டா விட்டுடக் கூடாது, வளர வளர தடிப்பு வரும், குறிப்பிட்ட இடைவெளில திரும்பத் திரும்பப் பாக்கணும். ஹார்ட் தசை நோய்க்கு இடம் குடுக்குற, எம்ஒய்பிபிசி3ன்னு ஒரு ஜீன்ல வர்ற குறை ஒண்ணு தெற்காசியர்கள்ல நூத்துக்கு சுமார் நாலு பேர்கிட்ட இருக்குன்னு 2009லயே வெளிவந்தாச்சு, மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கும் அதுல பங்கு உண்டு. அண்ணனோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ஜெராக்ஸ் ஒண்ண எடுத்துகிட்டுப் போங்க, ஜெனடிக் டெஸ்ட் பத்தியும் அப்போ பேசிடலாம். முடிவு வர்ற வரைக்கும் ஓட்டப் பந்தயம், வெயிட் தூக்குறது எதுவும் வேணாம்.

கேள்வி: ஐம்பதாவது பிறந்தநாளுக்கு பசங்க மாஸ்டர் செக்கப் புக் பண்ணிக் குடுத்திருக்காங்க, கூடுதலா பணம் கட்டினா கார்டியாக் எம்ஆர்ஐயும் சேர்த்துக்கலாமாம். எந்தத் தொந்தரவும் இல்ல. எடுத்துக்கட்டுமா? – ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: வேணாம் சார். பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பாருங்க, இசிஜி ஒண்ணு எடுங்க. அதுல ஏதாவது இடிச்சா எக்கோ, எக்கோல கேள்வி வந்தா அப்போ எம்ஆர்ஐ. மிச்சமாகுற காசுல பசங்கள சாப்பிட கூட்டிட்டுப் போங்க, ஊறுகாய மட்டும் அவங்க பக்கம் தள்ளிடுங்க.